தடுப்பூசி நாளில் தாயிடமும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பச்சைக் குழந்தை இரவெல்லாம் அழுதால், உரம் விழுந்திருக்கிறதா, வயிறு உப்பியிருக்கிறதா, பால் பற்றவில்லையா, கண்ணேறு பட்டுவிட்டதா என்று நம் வீடுகளில் ஆளுக்கொரு காரணம் தேடுகிறோம். அந்தக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை நடந்தவள் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்பவர் மிகக் குறைவு. கிராமப்புறத் தாய் சேய் நலப் பணியில் நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில், இக்கேள்வியைச் சுகாதாரத் துறை முறைப்படி கேட்க வேண்டும் என்று வேண்டி இதை எழுதுகிறேன்.

பிறந்த குழந்தைக்கு முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால், அந்தத் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். இரவு பகல் பிரித்தறியும் உடல் ஒழுங்கு இரண்டு மூன்று மாதங்கள் சென்றே அமையத் தொடங்குகிறது. அதற்குள் பசியும் அடிக்கடி எழுப்பிவிடும். ஆகவே, இரவில் விழிப்பதைத் தாயின் வளர்ப்புக் குறையாகப் பேசுவது அநியாயம். பிரசவ வார்டிலேயே கணவருக்கும் மாமியாருக்கும் இதை எடுத்துச் சொன்னால் எத்தனையோ ஏச்சுகள் குறையும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரையொட்டிய பகுதியில், 1990களின் தொடக்கத்தில் கருவுற்றிருந்த ஆயிரக்கணக்கான பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், கர்ப்ப காலத்தில் கவலையும் மனச்சோர்வும் மிகுந்திருந்தவர்களின் குழந்தைகளுக்கு ஒன்றரை வயதிலும் இரண்டரை வயதிலும் தூக்கச் சிக்கல்கள் கூடுதலாகக் காணப்பட்டன. பிரசவத்துக்குப் பிந்தைய மனநிலையைக் கணக்கில் கொண்ட பின்னும் அந்தத் தொடர்பு நீடித்தது. இதைக் காட்டிப் பெண்ணைக் குற்றம் சொல்ல யாரும் முனைய வேண்டாம். வயிற்றுப் பிள்ளைக்காரியை அச்சத்திலும் வசவிலும் வைத்திருக்கும் குடும்பம்தான் இதைப் படித்து யோசிக்க வேண்டும்.

பிரசவமான முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் இயல்பு. அது இரண்டு வாரங்களுக்கு மேலும் நீடித்தால், குறிப்பாகக் குழந்தை அயர்ந்து தூங்கும்போதும் தாய்க்குக் கண் மூடவில்லை என்றால், மனச்சோர்வாக இருக்கலாம். வளரும் நாடுகளில் பிள்ளை பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு ஏற்படுகிறது. இன்னும் கடுமையான நிலை ஒன்றும் உண்டு. 1,000 பிரசவங்களில் ஒன்றிரண்டில் நேர்வது. தூக்கம் அறவே அற்று, தொடர்பில்லாத பேச்சும் வீண் சந்தேகமும் தலைகாட்டினால், மந்திரிப்பதில் நேரத்தைக் கழிக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்தான அந்நிலையும் சிகிச்சையால் குணமாகக்கூடியதே.

கர்ப்பத்தைப் பதிவு செய்யும் நாளிலிருந்து எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் என்று எல்லாவற்றையும் குறித்து வருகிறோம். பிரசவத்துக்குப் பின் 6, 10, 14ஆவது வாரத் தடுப்பூசிகளுக்குத் தாய் தானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். எடின்பரோ மனச்சோர்வு அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் 1987 முதல் உலகெங்கும் வழக்கில் உள்ளன. தமிழிலும் அவை சோதித்து ஏற்கப்பட்டவை. கர்ப்ப காலத்தில் ஒருமுறையும், ஆறாவது வாரத் தடுப்பூசியன்று ஒருமுறையும் அவற்றைக் கேட்கலாம். தனியாக வைத்துக் கேட்க வேண்டும். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எந்த மருமகள் மனம் திறப்பாள்?

கிராம சுகாதார செவிலியர்களின் பணிச்சுமையை நான் நன்கறிவேன். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் இதையும் அவர்கள் தலையில் கட்டுவது முறையல்ல. கேட்டுவிட்டு அனுப்பிவிடுவதும் கொடுமை; மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அந்தப் பெண்ணைச் சேர்ப்பிக்கும் ஏற்பாடு முதலில் வேண்டும். அதுவரை, டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணான 14416ஐத் தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தர அரசு உடனே ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமுதாய சுகாதாரச் செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்.