பிடித்தால் நிற்குமா, மேலே போகுமா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. லைவ்கோட் என்ற நிரல்மொழியில் இருந்த பழைய செயலியை, பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் புதிதாக எழுதுகிறாய் என்றதும் மிகவும் மகிழ்ந்தேன். ஒரே கிளிக்குக்கு இரண்டு ஹேண்ட்லர் (கிளிக் போன்றது நடந்ததும் ஓடும் நிரல் துண்டு), பட்டனுடையதும் அதைச் சுற்றியுள்ள வெளிப்பெட்டியுடையதும், ஓடுகிறது என்றாயே, அதற்குக் காரணம் கிளிக் நடந்ததைச் சொல்லும் செய்தியை இரண்டு மொழிகளும் எதிரெதிராகக் கையாள்வதுதான்.

லைவ்கோடுக்கு முன்னோடி, 1987-ல் வந்த ஹைப்பர்கார்டு என்ற மென்பொருள். அதில் செய்தி பட்டனில் தொடங்கி கார்டு (ஒரு திரை), பேக்ரவுண்ட் (பல கார்டுகளுக்குப் பொதுவான பின்னணி), ஸ்டேக் (கார்டுகளின் அடுக்கு), ஹோம் ஸ்டேக் என்று ஏறி, கடைசியில் ஹைப்பர்கார்டையே அடையும். லைவ்கோடும் ஏறக்குறைய அந்த வழிதான். பட்டன் ஒரு குரூப்புக்குள் இருந்தால் கார்டுக்கு முன் குரூப். வழியில் யாராவது 'மவுஸ்அப்'பை (மவுஸ் பட்டனை விட்டதும் வரும் செய்தி) தன் ஹேண்ட்லரால் பிடித்துவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். மேலே போக வேண்டுமென்றால் 'பாஸ் மவுஸ்அப்' என்று எழுத வேண்டும். பாஸ் ஓடியதும் அந்த ஹேண்ட்லர் முடிந்தது. அதற்குக் கீழுள்ள வரிகள் ஓடாது.

பிரவுசரில் கிளிக் முதலில் விண்டோவிலிருந்து இலக்குவரை, அதாவது கிளிக் விழுந்த உறுப்புவரை, இறங்கும், அது கேப்ச்சர். பிறகு வந்த வழியே ஏறும், அது பபிள். யார் பிடித்தாலும் பயணம் நிற்காது. நிறுத்த 'ஸ்டாப்ப்ரொபகேஷன்' வேண்டும். அதனால்தான் பட்டனுக்குப் பிறகு வெளிப்பெட்டியின் ஹேண்ட்லரும் ஓடுகிறது.

அதற்காக ஸ்டாப்ப்ரொபகேஷனை எல்லா இடத்திலும் போட்டுவிடாதே. வெளியே கிளிக் செய்தால் மூடவேண்டிய மெனு, டாக்குமெண்டில் (முழுப் பக்கத்தில்) அந்தக் கிளிக்குக்காகக் காத்திருக்கும். நீ இடையில் நிறுத்தினால் மெனு திறந்தபடியே இருக்கும். பிழை ஒரு கோப்பில், அறிகுறி இன்னொன்றில். வெளிப்பெட்டியின் ஹேண்ட்லரிலேயே, கிளிக் பட்டனிலிருந்து வந்ததா என்று பார்த்துத் திரும்பிவிடுவதே நல்லது.

அப்படிப் பார்க்கும்போது ஒன்றைக் கவனி. கிளிக் விழுந்த உறுப்பைக் குறிக்கும் லைவ்கோடின் 'த டார்கெட்' இங்கே 'டார்கெட்'. ஹேண்ட்லர் இருக்கும் உறுப்பைக் குறிக்கும் 'மீ' இங்கே 'கரன்ட்டார்கெட்'. பட்டனுக்குள் ஐகான் இருந்தால் டார்கெட் ஐகானாகத்தான் வரும், பட்டனாக வராது. ஆகவே டார்கெட்டின்மேல், அதிலிருந்து மேல்நோக்கித் தேடும் 'க்ளோசஸ்ட்'டை அழைத்துப் பட்டனைத் தேடு. ஒரு வேலை முடியும்வரை காத்திருக்கும் 'அவெய்ட்'டுக்குப் பிறகு கரன்ட்டார்கெட் வெறுமை (null) ஆகிவிடும். முன்பே ஒரு மாறியில் எடுத்துவை.

எழுத்தை உள்ளிடும் ஃபீல்டுகளில்தான் அதிகம் தடுமாறுவாய். லைவ்கோடில் விசையை அழுத்தியதும் வரும் 'கீடவுன்'னைப் பிடித்துவிட்டு பாஸ் செய்யாவிட்டால் எழுத்தே விழாது: செய்தியை நிறுத்துவதும் இயல்பான செயலைத் தடுப்பதும் அங்கே ஒன்று. பிரவுசரில் அவை இரண்டு வேறு வேலைகள். ஸ்டாப்ப்ரொபகேஷன் போட்டாலும் எழுத்து விழும். அதைத் தடுப்பது 'ப்ரிவென்ட்டிஃபால்ட்'. எண் மட்டும் ஏற்கும் உன் பெட்டிகளுக்கு இதுதான் தேவை.

பிரவுசரில் ஃபோகஸ் (பெட்டிக்குள் நுழைவது), ப்ளர் (வெளியேறுவது) இரண்டும் மேலே ஏறாது. வெளிப்பெட்டியில் கேட்க வேண்டுமானால் ஃபோகஸ்இன், ஃபோகஸ்அவுட்.

பழைய ஸ்கிரிப்ட்டுகளில் பாஸ் இருக்கும் ஹேண்ட்லர்களையும் இல்லாதவற்றையும் பிரித்து எனக்கு அனுப்பு. பாஸ் இல்லாதவற்றில் எதெதற்கு இங்கே, கிளிக் எங்கிருந்து வந்தது என்று பார்த்துத் திரும்பும் காவல் வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்