கியோட்டோ அனிமேஷனின் வளர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டப் படங்களை எடுக்கும் நிறுவனங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில் கியோட்டோ அனிமேஷனுக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கப்பட்டிருந்தது. மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு அது எடுக்கும் தொடர்கள் மிகக் குறைவு என்பதை ஒரு பலவீனமாகவும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தார். அந்நிறுவனம் எப்படி உருவானது, அங்கே வேலை எப்படி நடக்கிறது என்பதை அறிந்தவர்கள் இந்த முடிவை ஏற்பது கடினம்.

காமிக்ஸ் ஓவியர் தெசுகா ஒசாமு தொடங்கிய அனிமே நிறுவனமான முஷி புரொடக்‌ஷனில் வண்ணம் தீட்டும் பணியில் இருந்த யோகோ ஹத்தா, திருமணத்துக்குப் பின் கியோட்டோவை அடுத்த ஊஜி நகரில் குடியேறி, 1981-இல் அக்கம்பக்கத்து இல்லத்தரசிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, பிற நிறுவனங்களின் படங்களுக்கான செல் எனப்படும் ஒளிபுகும் தாள்களில் வண்ணம் தீட்டிக் கொடுக்கத் தொடங்கினார். 1985-இல் அது முறையான நிறுவனமானது. அவருடைய கணவர் ஹிதேயாகி ஹத்தா தலைமைப் பொறுப்பை ஏற்றார். நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழில் பார்த்துச் சிரித்த ஷின்-சான் தொடரிலும் இவர்களுடைய கைவேலை உண்டு. தாங்களே முழுப்பொறுப்பேற்று ஒரு தொலைக்காட்சித் தொடரை எடுத்தது 2003-இல்தான். ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிறர் படங்களுக்கு வேலை செய்தே தொழிலின் ஒவ்வொரு படியையும் கற்றவர்கள் அவர்கள்.

ஜப்பானில் அனிமே தயாரிப்பு பெரும்பாலும் டோக்கியோவைச் சுற்றியே நடக்கிறது. அங்கே ஓவியர்களில் பலர் நிரந்தர ஊழியர்கள் அல்லர். வரைந்து கொடுக்கும் தாளுக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறவர்கள். இரண்டு முக்கிய அசைவுகளுக்கு நடுவே வரும் படங்களை வரைகிற புதியவருக்குத் தாள் ஒன்றுக்குச் சில நூறு யென் கிடைத்தால் அதிகம். முதலீடு செய்வது பதிப்பகங்களும் தொலைக்காட்சி நிறுவனங்களும் சேர்ந்த தயாரிப்புக் குழு என்பதால், படம் பெருவெற்றி பெற்றாலும் அதை வரைந்த நிறுவனத்துக்குப் பெரும்பாலும் ஒப்பந்தத் தொகை மட்டுமே மிஞ்சும். கியோட்டோ அனிமேஷனோ தன் ஓவியர்களை மாதச் சம்பளத்தில் அமர்த்தி, வரைவது, வண்ணம் தீட்டுவது, பின்னணி அமைப்பது எனப் பெரும்பகுதி வேலையை நிறுவனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டது. புதியவர்களுக்கெனத் தனிப் பயிற்சிப் பள்ளியும் நடத்துகிறது. தாள் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு ஒரு கையசைவைத் திரும்பத் திரும்பத் திருத்துவது நஷ்டம். சம்பளக்காரருக்கு அதுதான் வேலை.

இந்த ஏற்பாடு எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு 2009-இல் வந்த சுசுமியா ஹாருஹி தொடரே சாட்சி. ஒரே கோடை விடுமுறை மீண்டும் மீண்டும் நிகழ்வதாகச் சொல்லும் கதைப்பகுதியை அவர்கள் 8 வாரம் ஒளிபரப்பினார்கள். பழைய படங்களையே திரும்பக் காட்டியிருந்தால் செலவு மிச்சமாகியிருக்கும். அப்படிச் செய்யாமல், ஒவ்வொரு வாரமும் வேறு உடைகள், வேறு கோணங்கள், புதிதாகப் பதிவு செய்த குரல்கள் என முழுவதையும் புதிதாகவே எடுத்தார்கள். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். கதை சொல்லும் உத்தி என்ற வகையில் அது அத்துமீறல் என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும், தாள் கணக்குப் பார்க்கும் நிறுவனம் எதுவும் அதற்குத் துணிந்திருக்காது.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று, கதைகளுக்கான உரிமை. 2009-இல் எழுத்தாளர்களுக்கான விருதொன்றைத் தொடங்கிய இந்நிறுவனம், தேர்ந்தெடுத்தவற்றைத் தன் சொந்தப் பதிப்பகத்தின் வழியே நூலாக்கி, பிறகு அவற்றிலிருந்தே தொடர்கள் எடுத்தது. அவ்விருதின் தலைமைப் பரிசை முதன்முதலாகப் பெற்ற நாவல்தான் 2018-இல் ‘வயலட் எவர்கார்டன்’ தொடரானது. வரைகிறவர் கையிலேயே கதையின் உரிமையும் இருப்பது அந்தத் தொழிலில் அரிது.

2019 ஜூலை 18 அன்று கியோட்டோவின் ஃபுஷிமி பகுதியில் இருந்த இவர்களுடைய முதலாம் ஸ்டூடியோவுக்கு ஒருவன் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்ததில் 36 பேர் இறந்தார்கள். மூத்த ஓவியர் யோஷிஜி கிகாமியும் இயக்குநர் யசுஹிரோ தகெமோட்டோவும் அவர்களில் இருவர். இதைக் கட்டுரையாளர் “பெரும் பின்னடைவு” என்று ஒரே சொற்றொடரில் முடித்துவிட்டார். தகெமோட்டோ இயக்கிய ‘மிஸ் கோபயாஷியின் டிராகன் மெய்ட்’ தொடரின் இரண்டாம் பாகம், தத்சுயா இஷிஹாராவின் இயக்கத்தில் 2021-இல் வந்தபோது, தொடர் இயக்குநர் என்று தகெமோட்டோவின் பெயரே இடம்பெற்றது. ‘வயலட் எவர்கார்டன்’ திரைப்படம் 2020 செப்டம்பரில் வெளியானது. ஊஜியையே களமாகக் கொண்ட ‘சவுண்ட்! யூஃபோனியம்’ தொடரின் மூன்றாம் பாகம் 2024-இல் வந்தது. இத்தனை மூத்த கைகளை ஒரே நாளில் இழந்த பிறகும் வேலை தொடர்ந்ததற்கு, அவர்களிடம் பக்கத்திலிருந்து பயின்றவர்கள் அதே நிறுவனத்தில் நிலைத்திருந்ததே முதன்மையான காரணம் என்பேன்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை தொடர்கள் எடுத்தது என்ற பட்டியலோடு, அதன் ஓவியர்கள் எந்த அடிப்படையில் ஊதியம் பெறுகிறார்கள், படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி