வடலிக்கும் நண்டுக்கும் ஒரே கணக்கு இல்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் பாதியில் சிக்னல் போய்விடுகிறது. அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

பேரன் ஒரு வருஷமாக வளரவே இல்லை என்று புலம்பினாயே. எடை, உயரம் எல்லாம் சரி என்று டாக்டர் சொன்ன பிறகும் சுவரில் கோடு போட்டுப் பார்க்கிறாயாம். டாக்டர் சொன்னதற்கு மேல் எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் வளர்கிற விஷயத்தில் இந்தக் கடற்கரையில் பார்த்தது கொஞ்சம் உண்டு. அவனுக்குப் பள்ளிக்கூடத்திலும் இந்தப் பாடம்தானே, படித்துக் காட்டு.

ஆவணியில் கொல்லையில் பனங்கொட்டை புதைத்தேன். இன்னும் மேலே ஒன்றும் தெரியவில்லை. பனையின் முளை முதலில் மேலே வராது, நேரே கீழே இறங்கும். கொட்டைக்குள் இருக்கிற பருப்பைத் தவுன், அதாவது உள்ளே பஞ்சு மாதிரி திரளுமே அது, உறிஞ்சி எடுக்கும், அந்தச் சத்து கீழே போய்க் கிழங்காகத் திரளும். தோண்டாமல் விட்டால் ஒற்றை ஓலை வெளியே வரும். அப்புறமும் பல வருஷம் வடலியாக, அதாவது இளம்பனையாக, தரையோடு தரையாகத்தான் நிற்கும். தெரியாதவர்கள் புதர் என்பார்கள். அது அடிப்பருமனைக் கட்டிக்கொண்டிருக்கும் காலம் அது. வேம்பு வருஷா வருஷம் பருக்கும், பனைக்கு அந்த வழி கிடையாது. அதனால் முதலில் அகலம், அப்புறம்தான் உயரம். பாளை விட 12 வருஷமும் ஆகும், 20 வருஷமும் ஆகும். அதுவரை ஆண்பனையா பெண்பனையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. உன் சித்தப்பா ஓலையை வைத்தே சொல்வேன் என்பார், நம்பாதே.

வாசல் பூவரசில் உன் ஊஞ்சலுக்காக அப்பா அடித்த ஆணி இன்னும் என் தோள் உயரத்தில்தான் இருக்கிறது. மரமோ மாடிக்கு மேலே போய்விட்டது. மரம் நுனியில்தான் நீளும். அடிமரம் பருக்க மட்டும் செய்யும், அதனால் ஆணியின் தலையைப் பட்டை விழுங்கிவிட்டது. நமக்குக் கால் எலும்பு அதன் முனைகளை ஒட்டி நீளும், வயசுக்கு வந்து சில வருஷத்தில் நின்றுவிடும். மரத்துக்கு அந்த நிறுத்தம் இல்லை. ஆனால் பனைக்கு ஒரே குருத்து, அதை வெட்டினால் மரம் போச்சு. பூவரசு வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

உன் பிள்ளை எனக்கு நண்டு மாதிரி தோன்றுகிறான். நண்டின் ஓடு வளராது. வெளியே பார்த்தால் நாள்கணக்கில் அதே அளவு, உள்ளே பழைய ஓட்டுக்கு அடியில் புது ஓடு தயாராகிக்கொண்டிருக்கும். ஒரு நாள் பின்பக்கம் பிளந்து, கண், கால், கொடுக்கு எல்லாவற்றையும் உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். புது ஓடு மெத்தென்று இருக்கும். அது இறுகுவதற்குள் தண்ணீரை உறிஞ்சி உடம்பை ஊதவைத்துக்கொள்ளும். பார்வைக்குப் பெரிய நண்டு, தூக்கினால் கனம் இருக்காது. நம் நீலக்கால் நண்டில் அப்படி ஒன்று வந்தால் வியாபாரி ஓரமாகத் தள்ளிவிடுவார். சதை பிறகுதான் பிடிக்கும். ஒடிந்த காலும் இப்படி ஓடு கழற்றும்போதுதான் திரும்ப முளைக்கும்.

இன்னொன்று சொன்னால் அவன் சிரிப்பான். களவா மீன் பெரும்பாலும் முதலில் பெண், பெரிதானபின் ஆண். கொடுவாவுக்கு நேர் எதிர், ஆணாக இருந்து பெண்ணாக மாறும். டீச்சர் நம்பாவிட்டால் மண்டபத்தில் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

கடல்பாசி வளர்க்கிற மிதவைகளைக் கரையில் ஏற்றி வைத்திருக்கிறோம், காற்று அடங்கினால்தான் வேலை. பாசிக்கு வேரும் கிடையாது, நாங்கள் விதை போடுவதும் இல்லை. ஒரு துண்டைக் கயிற்றில் கட்டிவிட்டால் 45 நாளில் அறுத்துவிடலாம். கோடையில் தண்ணீர் சூடேறினால் அதே பாசி வெளுத்து உதிர்ந்தும் போகும். போன கோடையில் எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

தை பிறந்ததும் கிழங்கு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். மஞ்சளும் உப்பும் போட்டு அவி. பொங்கலுக்கு அவனுக்குக் கால்சட்டை எடுத்தால் ஒரு அளவு பெரிதாகவே எடு.

இப்படிக்கு,
அம்மா