துப்பல் மெசினை அனுப்பாதை

அன்பின் வதனி,

சுகம், சுகமறிய ஆவல். சித்திரைக்கு முந்தி நீ எழுதினதுக்கு இப்பத்தான் பதில். கோவிச்சிருப்பாய், அதுக்கு உனக்கு உரிமை இருக்கு. மாமிக்கு முழங்கால் பரவாயில்லை. ரீச்சர் எங்களை இன்னும் "மூண்டாம் வாங்கு" எண்டுதான் விசாரிக்கிறா. உன்ர குடை என்னட்டைத்தான் கிடக்கு, தரமாட்டன்.

தபாலுக்குக் காத்திருக்க நேரமில்லை எண்டபடியா மெயிலிலை அனுப்புறன். பெரியக்காவின்ர றிப்போட் ரெண்டும் மேசையிலை கிடக்கு. வெறுவயித்துச் சீனி, டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கிலை, முதலாவதிலை 142, பத்து நாள் கழிச்சு 139. 126ஓ அதுக்கு மேலையோ ரெண்டு தரம் வந்தா நீரிழிவுதான், அதிலை கதையில்லை. லண்டன் கணக்கு (லீற்றருக்கு மில்லிமோல்) வேணுமெண்டால் 18ஆலை பிரி: 7.9, 7.7. அங்கை 7.0தான் எல்லை.

இனி, ஊசி குத்தாமல் துப்பலிலையே சீனி பாக்கலாமெண்டு நீ போனிலை சொன்ன அந்தத் துப்பல் மெசின். வதனி, அதை வாங்கி அனுப்பாதை. அக்காவுக்கு ஊசியெண்டால் எப்பிடியெண்டு எனக்கும் தெரியும், கிணத்தடிக் கதையை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. எண்டாலும் அந்த மெசினாலை அவவின்ர சீனியைப் பாக்கேலாது. ஏனெண்டு வடிவாச் சொல்லுறன்.

துப்பலிலை சீனி இருக்கிறது உண்மை. இரத்தத்திலை கூடினா அதிலையும் கூடப் பாக்கும். ஆனா இரத்தத்திலை டெசிலீற்றருக்கு 140 மில்லிகிராம் இருக்கேக்கை, துப்பலிலை பெரும்பாலும் ஒண்டு ரெண்டு மில்லிகிராம் மட்டிலைதான். அக்காவின்ர பல்லு முரசிலை இரத்தம் கசியுது, பல்லு விளக்கேக்கை பிறஷ் சிவக்குது எண்டு அவவே சொல்லுறா. ஒரு மில்லிலீற்றர் துப்பலுக்குள்ளை பத்து மைக்குரோலீற்றர் இரத்தம், அதாவது ஒரு சொட்டிலை ஐஞ்சிலை ஒரு பங்கு, கலந்தாப் போதும். அந்த இரத்தம் மட்டுமே டெசிலீற்றருக்கு 1.4 மில்லிகிராம் கணக்கிலை சீனியைக் கொண்டந்து போடும். துப்பலின்ர சொந்தச் சீனி ஒண்டு, முரசிலையிருந்து வந்த சீனி ஒண்டரை. மெசின் எதை அளந்தது? நீரிழிவுக்காரருக்கு முரசு வருத்தம் கூட எண்டபடியா, ஆருக்கு இந்தச் சோதனை தேவையோ அவைக்குத்தான் இது கூடுதலாப் பிழைக்கும்.

இன்னும் இருக்கு. வாயிலை இருக்கிற கிருமியள் சீனியைத் தின்னும். குழாயை அரை மணித்தியாலம் வெயிலுக்குள்ளை வைச்சிருந்தா எண் இறங்கிப் போகும். பல்லிடுக்கிலை பிட்டுத் துணிக்கை கிடந்தா துப்பலிலை இருக்கிற அமிலேசு எண்ட நொதியம் அதை உடைக்கும், எண் ஏறும். புளியைக் கண்டு வாய் ஊறினா துப்பல் கூடிக் கரைசல் ஐதாகும். ஒரே ஆளிட்டை ஒரே காலமையிலை ரெண்டு தரம் எடுத்தாலும் ரெண்டு எண் வாறது இதாலைதான்.

ஆய்வுக்குத் துப்பல் எடுக்கிறவை எவ்வளவு கட்டுப்பாடு வைக்கினம் எண்டு பார். காலமை எட்டுக்கும் பத்துக்கும் இடையிலை எடுப்பினம். அதுக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே சாப்பாடு, தேத்தண்ணி, வெத்திலை, பல்லு விளக்கிறது எல்லாம் நிப்பாட்டவேணும். வெறுந்தண்ணியாலை கொப்பளிச்சுப் பத்து நிமிசம் சும்மா இருக்கவேணும், இல்லாட்டிக் கொப்பளிச்ச தண்ணியையும் சேத்து அளக்கிறதாப் போகும். பேந்து தலையைக் குனிஞ்சு, காறாமல், வாயிலை ஊற விட்டு, அளவுக்கோடு போட்ட குழாய்க்குள்ளை தானா வடிய விடுறது. காறினா சளி வரும். உடனை ஐஸிலை வைச்சு, மெசினிலை வேகமாச் சுழற்றி, மேலை தெளிஞ்சதை மட்டும் எடுப்பினம். சிவப்புத் தெரிஞ்சா அந்த மாதிரியை எறியிறதுதான். இவ்வளவு செய்தும் ஒருத்தரும் துப்பலை வைச்சு நீரிழிவு எண்டு முடிவு கட்டுறேல்லை.

அதுக்காகத் துப்பல் பிரியோசனம் இல்லையெண்டு நினையாதை. வடிஞ்ச அளவே ஒரு செய்தி. ஊற வைக்காமல் சும்மா வடியேக்கை நிமிசத்துக்கு 0.3, 0.4 மில்லிலீற்றர் வாறது வழமை. 0.1க்குக் கீழை போனா வாய் வறட்சி. ஐஞ்சு நிமிசத்திலை அரை மில்லிலீற்றர்கூட வரேல்லையெண்டால் சூத்தைப் பல்லும் நாக்கிலை வெள்ளைப் பூஞ்சணமும் பின்னாலை நிக்கும். எம்எம்பி-8, இன்ரலூக்கின்-6 எண்டு துப்பலிலை அளக்கிற மற்றப் பொருள்களும் முதல்லை சொல்லுறது முரசின்ர அழற்சியைத்தான். முரசை ஒழுங்கா வைத்தியம் செய்தா, மூண்டு நாலு மாதத்திலை ஏவன்சி (HbA1c, கொஞ்ச மாதத்துச் சீனியைக் காட்டுற இரத்தச் சோதனை) சராசரியா 0.4 மட்டிலை குறையுது எண்டு பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்திருக்கினம். ஒரு குளிசையும் கூட்டாமல் வாற குறைவு அது. ஆகவே மெசின் காசு பல் டொக்டருக்குப் போகட்டும். கல்லுச் சுரண்டி, முரசுப் பை எத்தினை மில்லிமீற்றர் ஆழம் எண்டு அளவு கம்பி விட்டுப் பாக்கச் சொல்லு.

இரத்தத்துக்கு வாறன். ஏவன்சி 8.1 எண்டதைக் கண்டு நீ அழுததா அக்கா சொன்னா. பொறு. அதே றிப்போட்டிலை ஹீமோகுளோபின் 9.1 எண்டு கிடக்கு, அது இரத்தச்சோகை, அதை ஒருத்தரும் பாக்கேல்லை. ஏவன்சி எண்டது சிவப்பணுவிலை ஒட்டின சீனியின்ர கணக்கு. அணு 120 நாள் மட்டிலை வாழுறதாலை ரெண்டு மூண்டு மாதத்துச் சராசரி எண்டு எடுக்கிறம். இரும்புச்சத்துக் குறைஞ்சா புது அணு மெதுவா வரும், ஓடுற இரத்தத்திலை பழைய அணு கூட நிக்கும், எண் உள்ளதிலும் கூடக் காட்டும். பேந்து இரும்புக் குளிசை போட்டவுடனை புது அணு பொலிஞ்சு வந்து எண் இறங்கும். அப்ப எல்லாரும் "சோத்தைக் குறைச்சதாலை" எண்டு சந்தோசப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிவிடுவினம். அதாலை அக்காவுக்கு இரும்பு நிலை சீராகுமட்டும் வெறுவயித்துச் சீனியையும் சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலச் சீனியையும் பாத்து நடக்கிறதுதான் புத்தி. இரும்பு ஏன் குறைஞ்சது எண்டும் தேடவேணும்.

வீட்டு மீற்றரும் அப்பிடித்தான். சோகையிலை பல மீற்றர்கள் கூட்டிக் காட்டும். நல்ல மீற்றருக்கே நூறுக்கு 15 வீதம் அங்கையிங்கை போக அனுமதி இருக்கு, அதாலை போக்கைப் பாக்கலாம், நோயைத் தீர்மானிக்கேலாது. இப்ப மாம்பழக் காலம். கறுத்தக்கொழும்பான் சீவின விரலைக் கழுவாமல் குத்தினா இல்லாத சீனியெல்லாம் காட்டும். ஸ்பிரிட் துடைச்சாப் போதாது, சவுக்காரம் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைக்கவேணும்.

வியாழக்கிழமை காலமை ஏழு மணிக்கு அக்காவின்ர இரத்தத்தை நானே எடுக்கிறன். சீனிக்குச் சாம்பல் மூடி ரியூப், ஏவன்சிக்கு ஊதா மூடி. சாதாரண ரியூப்பிலை எடுத்துப் பிரிக்காமல் வைச்சா அணுக்கள் மணித்தியாலத்துக்கு 5 தொடக்கம் 7 வீதம் சீனியைத் தின்னும். கோண்டாவிலிலை எடுத்த 140, ஓட்டோவிலை அலைஞ்சு மூண்டு மணித்தியாலத்திலை 115 மட்டிலை வந்து நிக்கும், நீரிழிவுக்காரி நீரிழிவு இல்லாதவ ஆகிப் போவா. சாம்பல் மூடிக்குள்ளை இருக்கிற புளோரைட்டு இதைத் தடுக்கும். ஆனா முழுசாப் பிடிக்க ஒண்டு ரெண்டு மணித்தியாலம் வேணும், அதாலை ஐஸும் அரை மணித்தியாலத்துக்குள்ளை சுழற்றுறதும் கட்டாயம்.

அக்கா மெலிஞ்சவ, மூண்டு மாதத்திலை ஆறு கிலோ இறங்கினவ. அதுக்காக சி-பெப்ரைட்டும் (உடம்பு எவ்வளவு இன்சுலின் சுரக்குது எண்டு காட்டுறது) ஜிஏடி எதிர்ப்புடலும் எழுதிக் கிடக்கு. உடம்பே தன்ர இன்சுலின் கலங்களை அழிக்கிற வகையோ எண்டு பாக்கிறது. இதிலைதான் உன்ர உதவி வேணும். நீ அனுப்பின தலைமயிர்க் குளிசையிலை பயோட்டின் எண்ட விற்றமின் 10,000 மைக்குரோகிராம் எண்டு போட்டிருக்கு. ஒரு நாளைக்குத் தேவை 30 மட்டிலைதான். அது இரத்தத்திலை நிண்டா சில மெசின்கள் சி-பெப்ரைட்டைக் குறைச்சுக் காட்டும், தேவையில்லாமல் இன்சுலின் தொடங்கிற நிலை வரும்.

முதல் நாள் எண்ணுகளுக்கு நான் ஏன் இவ்வளவு நிக்கிறன் எண்டு கேப்பாய். மருந்து தொடங்கின பிறகு இந்த நிலைமை திரும்பி வராது, பிறகு ஒப்பிடப் பிழையான எண்தான் மிஞ்சும். உங்கடை நாட்டிலைதான் 1977இலை புதுசா நீரிழிவு கண்டவையை வைச்சுப் பெரிய ஆய்வு தொடங்கினவை. தொடக்கத்திலை இறுக்கமாக் கட்டுப்படுத்தினவைக்கு, அவையின்ர சீனியும் மற்றவையின்ர சீனியும் ஒண்டாப் போன பிறகும், பத்து வருசம் வரைக்கும் நன்மை நிண்டது எண்டு 2008இலை எழுதினவை. அக்காவுக்கு அந்தத் தொடக்கம் இந்த மாதம். சிறுநீரிலை அல்புமின், கிரியற்றினின், கொழுப்பு, கண்ணின்ர பின்படலம், கால் எல்லாம் இதோடையே பாக்கவேணும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தி அக்காவுக்கு எடுத்துக் கதை. நான் சொன்னா "ஓம் பிள்ளை" எண்டிட்டுப் போடுவா, நீ சொன்னா நிப்பாட்டுவா. தலைமயிர்க் குளிசை ஞாயிறோடை சரி. புதன் இரவு ஒன்பதுக்குப் பிறகு பச்சைத் தண்ணி மட்டும், காலமைத் தேத்தண்ணியும் இல்லை. குத்துறது ஒருக்காத்தான், எல்லா ரியூப்பும் அந்த ஒரு ஊசியிலை நிரம்பும் எண்டு சொல்லு. கையை நான் பிடிச்சிருப்பன்.

அன்புடன்,
சுபா