உப்பைப் போடுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சென்ற வாரம் கதவிடுக்கில் செருகியிருந்த சுற்றறிக்கையைப் படித்தேன். கீசர், வாஷிங் மெஷின் பழுதுகளுக்குச் சங்கம் பொறுப்பல்ல, சுண்ணாம்புப் படிவை நீக்கும் பொடியை அவரவர் மாதந்தோறும் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. நல்ல நேரம் பார்த்துத்தான் வந்தது; எங்கள் வீட்டு கீசர் மறுநாளே நின்றுவிட்டது. நம் வளாகத்தின் நீரை மென்மையாக்கும் இயந்திரத்துக்கு நீங்கள் உப்பைக் குறைத்ததன் விளைவு இது; அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மெக்கானிக் கீழ்மூடியைக் கழற்றியபோது, நீரைச் சூடாக்கும் எலிமெண்ட் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. செம்புக் குழாய் கண்ணுக்கே தெரியவில்லை. சுற்றிலும் விரல் பருமனுக்கு வெள்ளைப் பாறை. ஸ்குரூடிரைவரால் தட்டத் தட்ட, முட்டை ஓடு மாதிரி பெயர்ந்து வாளிக்குள் விழுந்தது. அடியில் செம்பு கறுத்து, ஓரிடத்தில் வெடித்தும் இருந்தது. நீர் சூடாகும்போது அதிலுள்ள சுண்ணாம்பு பிரிந்து எலிமெண்டின் மீதே படிகிறது. அந்தப் படலத்தைத் தாண்டி வெப்பம் தண்ணீருக்குப் போவதில்லை. எலிமெண்ட் தன் சூட்டில் தானே வெந்து சாகிறது. "இந்த வளாகம் இருக்கும்வரை எனக்கு வேலைக்குக் குறைவில்லை சார்" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புது எலிமெண்ட் வரும்வரை, மூட்டுவலிக்காரரான என் தாயாருக்கு அடுப்பில் வெந்நீர் காய்ச்சி, கொதிக்கும் அண்டாவைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான்.

ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பியே பழைய மகாபலிபுரம் சாலையில் வீடு வாங்கினோம். அது சுண்ணாம்புப் படிவை உண்டாக்கும் கடின நீர் என்பது தெரிந்த சங்கதிதான். அதற்காகத்தானே எல்லோரும் பணம் போட்டு மென்னீராக்கி ஒன்றை அடித்தளத்தில் நிறுவினோம்? அதிலுள்ள ரெசின் என்னும் பிசின் மணிகள், நீரைக் கடினமாக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவினால்தான் மறுபடி வேலை செய்யும். சிக்கனம் என்று உப்பைப் பாதியாகக் குறைத்ததாகக் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னீர்கள். கழுவாத மணிகளின் வழியே தண்ணீர் வந்த கடினத்தோடே வெளியே போகிறது. ஆகவே, தயவுசெய்து உப்பைப் போடுங்கள்.

"ஏற்கெனவே உப்புத் தண்ணீர், அதில் இன்னும் உப்பா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். மணிகள் பிடித்துவைத்த கால்சியத்தை அந்தக் கரைசல் அடித்துக்கொண்டு கழிவாக வெளியேறுகிறது. நம் குழாய்க்கு வருவதில்லை. மேற்பார்வையாளரோ டிடிஎஸ் பேனாவை, அதாவது நீரில் கரைந்துள்ள மொத்த உப்புகளை அளக்கும் கருவியை, நீரில் விட்டு, "முன்னும் பின்னும் ஒரே அளவு, இந்த இயந்திரமே வீண்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். மென்னீராக்கி டிடிஎஸ்ஸைக் குறைப்பதில்லை. ஓர் உப்புக்குப் பதில் இன்னோர் உப்பை வைக்கிறது, அவ்வளவே. பார்க்க வேண்டியது கடினத்தன்மையை. அதற்குச் சில நூறு ரூபாயில் சோதனைப் பெட்டி கிடைக்கிறது. நிறங்காட்டி போட்டதும் சிவக்கும் நீர் நீலமாகும்வரை, அதில் விடும் சோதனைத் துளிகளை எண்ணினால் போதும். இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு ஏற்கத்தக்க கடினத்தன்மையாக லிட்டருக்கு 200 மில்லிகிராமையும், வேறு வழியில்லாத இடத்தில் உச்ச வரம்பாக 600 மில்லிகிராமையும் வைத்திருக்கிறது. நாம் எங்கே நிற்கிறோம் என்பது நமக்கே தெரியாது.

மென்னீரிலும் தொல்லை உண்டு என்று பொருளாளர் சொன்னது உண்மையே. கீசரில் துருவைத் தடுக்கும் மக்னீசியக் கம்பி அதில் சீக்கிரம் கரையும். ஆண்டுக்கொரு முறை பார்த்து மாற்றிக்கொள்கிறோம். சலவைத்தூளைக் குறைக்காவிட்டால் மெஷின் நுரையாகப் பொங்கும். குறைத்துக்கொள்கிறோம், செலவும் மிச்சம். சோடியம் கூடுமே என்றால், குழாய்த் தண்ணீரை இங்கே யாரும் அப்படியே குடிப்பதில்லை.

உப்புக்குப் பணமில்லை, நுழைவாயில் நீரூற்றுக்கு இருந்தது. அதன் கறுப்பு கிரானைட் இப்போது சுண்ணாம்பு படிந்து முழுக்க வெளுத்துவிட்டது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் கூலி மிச்சமானதற்காகச் சங்கத்தைப் பாராட்டத்தான் வேண்டும். பாசிப் படிந்த படிக்கட்டு, எரியாத விளக்கு, இரண்டு ஆண்டுகளாகக் கணக்குக் காட்டாத பராமரிப்பு நிதி என்று சொல்லிக்கொண்டே போகலாம். தூத்துக்குடியும் வேதாரண்யமும் இருக்கும் மாநிலத்தில் உப்புக்குக் கஞ்சத்தனம் பார்க்கும் ஒரே அமைப்பு நீங்களாகத்தான் இருப்பீர்கள். போட்டுப் பாருங்கள், உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்போம்.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். மென்னீராக்கிக்கு நிறுவியவர் எழுதிக்கொடுத்த அளவில் உப்பைப் போடுங்கள். வாரம் ஒருமுறை கடினத்தன்மையை அளந்து, லிஃப்ட் அருகிலுள்ள அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். சோதனைப் பெட்டியை நானே வாங்கித் தருகிறேன். துளி எண்ண ஆளில்லை என்றால் அதற்கும் வருகிறேன். இந்த மாதக் கூட்டத்திலேயே முடிவைச் சொல்லிவிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
பி பிளாக் குடியிருப்பாளர்