பாசலிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். அப்பாவுக்கு முட்டி வலி தேவலையா, மஞ்சக்குப்பம் வரை நடந்து போகிறாரா? இங்கே சுவிட்சர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடை திறக்காது, பாலும் காய்கறியும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும். வெயில் காலத்தில் ஆபீஸ் விட்டதும் உடுப்பைத் தண்ணீர் புகாத பையில் சுருட்டிக்கொண்டு ரைன் ஆற்றில் இறங்கி மிதந்தே போகிறார்கள். கெடிலத்தில் தண்ணீரைவிட மணலையே அதிகம் பார்த்த எனக்கு அது இன்னும் அதிசயம்தான்.

சரி, நீ கேட்டதுக்கு வருகிறேன். ஜாவா நிரல்மொழியில் 2147483647-உடன் ஒன்றைக் கூட்டினால் ஏன் கழித்தல் குறியோடு விடை வருகிறது என்றாய். அதில் முழு எண்ணை வைக்கும் இன்ட் வகைக்கு 32 பிட், அதாவது 0 அல்லது 1 வைக்கும் 32 இடங்கள். அதில் ஒன்று குறிக்குப் போய்விடும், மீதி 31-இலும் 1 நிரம்பினால் இந்த எண். அதாவது 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது. அதற்கு மேல் இடமில்லை, அதனால் சுற்றிக்கொண்டு கழித்தல் பக்கத்து மறுகோடிக்குப் போகிறது.

ஆனால் இந்த எண்ணின் பெருமை கம்ப்யூட்டரால் வந்ததில்லை. இது பகா எண். 1772-இல் அதைக் காட்டியவர் கணித மேதை ஆய்லர், இதே பாசல்காரர். இருபது வயது முடியும் முன்னே ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவர், நடுவில் பெர்லின், மறுபடி பீட்டர்ஸ்பர்க், கடைசிவரை ஊர் திரும்பவே இல்லை. கண் பார்வை ஏறக்குறைய முழுதும் போன காலத்தில், கணிதத்துக்குப் பேர்போன பெர்னூலி குடும்பத்தவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இந்த முடிவைச் சொன்னார். அந்தக் குடும்பமும் பாசல் குடும்பம்தான். ஆய்லர் பெயரில் இங்கே ஒரு தெருவே இருக்கிறது, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாதாரணமாகப் பார்த்தால் இந்த எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 46,341-க்குள் உள்ள பகா எண்களால் எல்லாம் வகுத்துப் பார்க்கணும், அவை 4,700-க்கு மேல். ஆனால் இதை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதில் ஒன்றைக் கழித்ததும் 62-ஆல் மீதியில்லாமல் வகுபட்டாக வேண்டும். அதோடு, அந்தப் பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7தான் வரணும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி வரும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். நூறுக்கும் குறைவான வகுத்தல்! பெரிய எண்ணோடு மோதாமல், அது எப்படிப்பட்ட எண்ணுக்கு இடம் கொடுக்கும் என்று முதலில் யோசித்திருக்கிறார் பார்.

1970 ஜனவரி 1 முதல் நொடி எண்ணும் பழைய 32 பிட் கணக்கு, 2038 ஜனவரி 19 அன்று நம்மூர் நேரம் காலை 8:44:07-க்கு இந்த எண்ணைத் தொடும், அடுத்த நொடியே நீ பார்த்த மாதிரி சுற்றிக்கொள்ளும். இங்கே அப்போது விடிகாலை 4:14. அதற்குள் பழைய நிரல்களை மாற்றியாக வேண்டும், உன் தலைமுறைக்கு அதில் வேலை இருக்கு.

ஆய்லர் வகுத்துப் பார்க்க வேண்டியிருந்த பகா எண்களில் முதலில் வருவது 311, அதால் நம் பெரிய எண்ணை வகுத்தால் மீதி 35. அடுத்தது 1303, மீதி 226. அதற்கடுத்தது 1489, அதை நீ கையாலேயே போட்டுப் பார்த்து மீதியை எனக்கு எழுது. அம்மாவிடம் ஊறுகாய் வந்து சேர்ந்தது என்று சொல்.

அன்புடன்,
அக்கா