கதிருக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கதிர்,

இங்கு எல்லோரும் நலம். போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் "மீட்டிங் இருக்கும்மா" என்கிறாய், அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சித்தி வீட்டு விசேஷத்துக்கு நீ அனுப்பிய பணத்தைக் கொடுத்துவிட்டேன். "கதிர் மாதிரி பிள்ளை யாருக்கு வாய்க்கும்" என்று நாலு பேர் காதில் விழும்படிச் சொன்னாள். பெருமையாகத்தான் இருந்தது. பணம் அனுப்ப நேரம் இருக்கிறது, பேச இல்லை.

வெள்ளிக்கிழமை உனக்கு 35 முடிகிறது. நல்ல நாளில் இதைப் பேச வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். சென்னை ஆராய்ச்சியாளர்கள் 2005இல் கொண்டுவந்த கணக்கு ஒன்று உண்டு. ஊசி குத்தாமலே, சுகர் இருக்க யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பது. வயது, வயிற்றுச் சுற்றளவு, உடல் உழைப்பு, தாய் தகப்பனுக்கு உண்டா, அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு, கூட்டி 60 வந்தால் ரத்தம் பார்த்துவிட வேண்டும். உனக்குப் போட்டுப் பார்த்தேன்.

பொங்கலுக்கு எடுத்த பேண்ட் 36. அதை நம்ப முடியாது, நீ தொப்பைக்குக் கீழே போடுகிறாய். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்றால் 10, நூறைத் தொட்டால் 20. உனக்கு 10 என்றே வைத்தேன், அம்மா இல்லையா. ராத்திரி முழுக்க நாற்காலி, நடை கிடையாது: 30. அப்பாவுக்கும் எனக்கும் சுகர்: 20. ஆக 60. வெள்ளிக்கிழமை முதல் வயதுக்கும் ஒரு 20.

80 வந்தால் சுகர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பார்த்தால்தான் தெரியும். பொங்கலுக்கு வந்திருந்தபோது பாத்ரூம் லைட் அடிக்கடி எரிந்தது. அப்பா என்று நினைத்தேன். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். காலையில் சொம்புத் தண்ணீரும் காலி. சரி, கரும்பு தின்றதில் தாகம் எடுத்திருக்கும்.

திருப்பூர்க்காரர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அது வேறு விஷயம். ரிப்போர்ட் கையில் இருந்தால் பெண் வீட்டில் சொல்ல வேண்டி வருமே என்று நீ நினைப்பதாக இருந்தால், பெரியத்தையும் மகள் கல்யாணம் முடியட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வில் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சுகர், வரும் கட்டத்தில் இன்னும் 13.6 கோடிப் பேர் என்றார்கள். அத்தனை வீட்டிலும் கல்யாணம் நடக்கத்தான் செய்கிறது.

நட கதிர். சும்மா சொல்லவில்லை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு, சுகருக்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வந்தது. மூன்று வருடத்தில், வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சுகர் வந்துவிட்டது. நடையும் சாப்பாடும் மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான். மெட்பார்மின் மாத்திரை போட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். காலோடு போகிற வேலைக்கு மாத்திரை எதற்கு? வண்டியை எடுக்காமல் கடைக்குப் போ, அதிலிருந்து தொடங்கு. நட.

ஷிப்ட் முடிந்து வந்து "வெறும் வயிறு" என்று போய் ரத்தம் கொடுக்காதே. ராத்திரி இரண்டு மணிக்குப் பிரியாணி தின்றிருப்பாய். எட்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். அது முடியாவிட்டால் மூன்று மாதச் சராசரி டெஸ்ட் (HbA1c) எடு, அதற்குச் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. 5.7க்குக் கீழே என்றால் நிம்மதி. 6.5 என்றால் டாக்டர். நடுவில் என்றால் நட.

ரிப்போர்ட்டை அப்பா போனுக்கு அனுப்பாதே. அவர் வாக்கிங் போகும் இடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிடுவார். எனக்கு மட்டும் அனுப்பு. திருப்பூருக்குச் சொல்வதா வேண்டாமா என்று நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா